எண்ணூறு வாட்ஸ்

நீங்களே ஞாயம் சொல்லுங்க தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைங்கறீங்க, அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. பெத்த அப்பன் பொண்ணோட கடைக்குத் துணையாப் போறது ஒரு குத்தமா? போன எடத்துல, இது வேண்டாஞ் சாமி, அது நல்லாருக்கும்னு ரண்டு வார்த்தை சொல்றது குத்தமா?

குத்தமாம். என்ற பொண்ணு சொல்றா. என்ற சம்சாரமும் சொல்றா. அந்தக் கடைக்காரன், திருட்டுப் பையன், அவங்கூடச் சொல்றான்.

இல்லீங்க, சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாம். பஸ்சு பொள்ளாச்சி தாண்டியாச்சு, இனி கோயமுத்தூர் வரைக்கும் நேரங் கெடக்குது. கேளுங்க.

உடுமலையில, எரிஞ்சு போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். தாராபுரம் ரோட்டுல எறங்கி திருமூர்த்தி கடைன்னு கேட்டா சின்னக் கொழந்தையும் காட்டும். கிணத்து மோட்டார், போர் மோட்டார், மில்லு மோட்டார், எல்லாம் வரும். கரண்டு சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் கையில எடுத்துப் பாத்தாலே தரம் சொல்லீருவேன். வெளிய ஒட்டியிருக்கற சீட்டுல என்ன வேணா எழுதியிருப்பான். நான் சீட்டப் பாக்கறதே இல்லீங்க. உள்ள செம்பு எவ்வளவு இருக்குதுன்னு பாப்பேன். கையில தூக்குனா கனம் சொல்லும். தோட்டத்துக்காரங்க புது மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி என்னையக் கூட்டிட்டுப் போவாங்க, தெரியுங்களா? கூலி வாங்க மாட்டேன். மரியாதைக்குப் போவேன்.

எனக்கு ஒரே பொண்ணு, சாருமதி. பி.காம். முடிச்சுட்டு நூல் மில்லு ஆபீஸ்ல கணக்குப் பாத்துட்டிருந்தா. நல்ல பொண்ணு. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. பேச மாட்டா தம்பி, பேசற பொண்ணா இருந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. எல்லாத்தையும் உள்ளயே வெச்சு, உள்ளயே வெச்சு...

சரி. போன வருசம் ஒரு நாள் சோறு தின்னுட்டிருக்கறப்ப சொல்றா. "அப்பா, நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். கேமிங் கம்ப்யூட்டர். என்ற சம்பளத்துல சேத்தி வெச்ச காசு, உங்ககிட்டக் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. சோத்துக் கையோட சிரிச்சேன். கட்டிக் குடுக்கற வயசுல புள்ளைக்கு வெளையாட்டு. வேணும்னா ஒரு லேப்டாப் வாங்கு, மடியில வெச்சுக்கலாம், கல்யாணம் ஆனா எடுத்துட்டுப் போலாம்னேன். அதுக்கு அவ, "லேப்டாப்புல அதே காசுக்குப் பாதிதான்ப்பா கிடைக்கும். சாமானத் தனித்தனியா வாங்கிக் கோத்தா நல்லாருக்கும். மூணு மாசமாப் பாத்து வெச்சிருக்கேன்"ங்கறா. எங்க பாத்தே? போன்ல பாத்தாளாம். எதுல எது பொருந்தும், எதுல காசைக் குறைக்கலாம், எதுல குறைக்கக் கூடாதுன்னு எல்லாம் போன்ல ஒருத்தன் சொன்னானாம்.

அவளுக்கு ஒரு கூட்டம் இருக்குதுங்க. காலேஜ் ஹாஸ்டல்ல புடிச்ச பழக்கம். அஞ்சு பொண்ணுங்க. ஒருத்தி கோயமுத்தூர், நஸ்ரின்னு பேரு. மத்ததுக சேலம், திருச்சின்னு ஆளுக்கொரு ஊரு. எல்லாரும் அவங்கவங்க வூட்டுல உக்காந்துட்டு ஒண்ணாச் சேந்து துப்பாக்கிச் சண்டை வெளையாடறது. பொண்ணுங்களுக்குன்னு பெரிய போட்டி வருதாம், அதுல சேரோணும்னா எல்லாருகிட்டயும் நல்ல மிசினு வேணுமாம். மத்த நாலு பேருகிட்டயும் இருக்குது, இவகிட்டத்தான் இல்ல.

சரி, ஆசைப்படுது. ஒத்தப் பொண்ணு. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. இதைக் கேட்டுக்கங்க, நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. நானும் வர்றேன்னு மட்டுந்தான் சொன்னேன். "தனியாப் போனா கோயமுத்தூர்க்காரன் உன்னைய ஏமாத்தீருவான்"னேன். அவ தட்டை எடுத்துட்டுப் போயிட்டா.

காந்திபுரத்துல ஒரு சந்துக்குள்ள கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி., எல்லாப் பொட்டியிலயும் செவப்பும் நீலமுமா வெளிச்சம். கடைக்காரன் சின்ன வயசு, தாடி வெச்சிருந்தான். "வாங்க சார், உக்காருங்க சார்"னு நாற்காலி எடுத்துப் போட்டான். பொண்ணு நின்னுட்டே இருந்தா. அவ ஒவ்வொரு சாமானாச் சொல்லச் சொல்ல, அவன் என்னையப் பாத்துத்தான் வெலை சொன்னான். அது அவனோட பழக்கம், பெரியவங்களுக்குக் குடுக்கற மரியாதை. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?

மொத்த வெலையப் பாத்தா, அதுல பாதி ஒரே ஒரு சாமானுக்கு. கிராபிக்ஸ் கார்டாம். பாதிங்க! ஒரு அட்டைக்கு! நான் கேட்டேன், "இது இல்லாட்டி கம்ப்யூட்டர் ஓடாதா?"

கடைக்காரன் சிரிச்சுட்டே, "ஓடும் சார், கேம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கும்"னான்.

"அப்ப அதை எடுத்துருங்க. பின்னாடி வாங்கிக்கலாம். அந்தக் காசுல பெரிய மானிட்டரா குடுங்க, வூட்டுல எல்லாரும் பாக்கலாம்"னேன்.

சாரு என்ற சட்டைக் கையப் புடிச்சா. "அப்பா, நான் சொன்ன பிராசசருக்கு அந்தக் கார்டு இல்லாட்டிப் படமே வராதுப்பா. கார்டு வாங்கறதுனாலதான் அந்த ரகம் எடுத்தேன், வெலை கம்மியா வரும்னு"னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. கார்டு வேணும்னு இந்தப் புள்ளை எதாச்சும் சொல்லுதுன்னுதானே நெனப்பீங்க? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கடைக்காரனப் பாத்தேன். அவன், "ஆமாங்க சார், பழைய சின்னக் கார்டு ஒண்ணு கெடக்குது, படம் வர்றதுக்கு மட்டும் போட்டுத் தர்றேன்"னான். தீந்துச்சுல்ல பிரச்சனை? அதைச் சொன்னா இன்னைக்கும் கலாமணி என்னையக் கரண்டிய வெச்சே அடிக்க வர்றா. கலாமணின்னா என்ற சம்சாரங்க.

அப்புறம் அந்தப் பவர் சப்ளை, உள்ள எல்லாச் சாமானுக்கும் கரண்டு குடுக்கற டப்பா. இதாங்க முக்கியம், இதைக் கேளுங்க. சாரு ஒண்ணு சொன்னா. ஐநூத்தம்பது வாட்ஸ், வெலை எச்சு. கடைக்காரன் இன்னொண்ணு எடுத்து வெச்சான். எண்ணூறு வாட்ஸ், வெலை அதுல பாதி. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? சொல்லுங்க. இருங்க, நானே சொல்லீர்றேன். நான் சும்மா எடுக்கல. ரண்டையும் ரண்டு கையிலயும் வெச்சுத் தூக்கிப் பாத்தேன். எண்ணூறு வாட்ஸ் நல்ல கனம். கல்லாட்டம் இருந்துச்சு. உள்ள செம்பு இருக்குதுன்னு கை சொல்லுச்சு. "இதையே போடுங்க"னுட்டேன்.

"அப்பா, அந்தக் கம்பெனி பேரே நான் கேள்விப்பட்டதில்ல. இதுல மட்டும் காசு குறைக்கக் கூடாதுன்னு எல்லாருஞ் சொல்றாங்க"ன்னா.

"கரண்டப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றயா சாமி?"ன்னேன். கோவமா இல்லீங்க, சிரிச்சுட்டேதான் சொன்னேன். கடையில இருந்தவங்க எல்லாருஞ் சிரிச்சாங்க. சாருவும் சிரிச்சாளான்னு நான் பாக்கல.

பொண்ணு புள்ளைக்கு அழகா இருக்கட்டும்னு பன்னீர் ரோஸ் கலர்ல ஒரு கீபோர்டு, கலர் கலரா வெளிச்சம் வர்ற கேபினட் பொட்டி, எல்லாம் நானே பாத்து எடுத்தேன். அவ கறுப்புல சாதாரணமா ஒண்ணு பாத்து வெச்சிருந்தா. மில்லுல வேலை செய்யற மிசினாட்டம். காசு கட்டறப்ப அவ போன்லதான் கட்டுனா. அவ காசுதான். அதை நான் இல்லைங்கலையே.

வூட்டுல கொண்டாந்து போட்டா, பெரிய மானிட்டரு, கலர் வெளிச்சம், பாத்தவங்கெல்லாம் வாயப் பொளந்தாங்க. நான் வர்றவங்களையெல்லாங் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். ஆனா வெளையாட்டுப் போட்டா, படம் நிக்குது, நகருது, நிக்குது. ஆளு ஓடறதுக்குள்ள எதிரி சுட்டுப் போட்டுப் போயிர்றான். அந்தப் பொண்ணுங்க காதுல கத்துதுக, "சாரு, எங்கடி இருக்கே, சாரு"ன்னு. இவ மவுச இழுத்து இழுத்துப் பாக்கறா. நான் சொன்னேன், "மெதுவா வெளையாடு சாமி, என்ன அவசரம்?" தப்பாச் சொன்னேனா?

ஒரு நாள் கடையில இருந்து வர்றேன், மானிட்டரக் காணோம். பெரிய மானிட்டர வித்துப் போட்டா! மில்லுல கூட வேலை செய்யறவனுக்கு. அந்தக் காசோட சம்பளத்தையும் போட்டு அந்தக் கார்ட வாங்கிட்டு வந்துட்டா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. யாருகிட்டயோ ஒரு பழைய சின்ன மானிட்டர் வாங்கி வெச்சிருந்தா. நான் ஆசையாப் பாத்து எடுத்த மானிட்டரு. ராத்திரி சோறு எறங்கல எனக்கு. ஆனா ஒண்ணு சொல்லோணும், அந்தக் கார்டு போட்டதுக்கப்புறம் வெளையாட்டு தண்ணியாட்டம் ஓடுச்சு. நானே கதவு சந்துல நின்னு பாத்தேன். என்ற பொண்ணு அப்பிடிக் கத்தி நான் கேட்டதே இல்லீங்க. "நஸ்ரின், எடதுபக்கம் போ! நான் பாத்துக்கறேன்!"ங்கறா. எனக்கு யாரோ வேற வூட்டுப் பொண்ணாட்டம் இருந்துச்சு.

போட்டி வந்துச்சு. ஜெயிச்சு ஜெயிச்சு மேல போயி, ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம். கலாமணி கூட அடுப்ப அணைச்சுட்டு வந்து பின்னாடி உக்காந்துட்டா. நான் வாசல்ல பேப்பர் பாத்துட்டிருந்தேன். டப்புன்னு ஒரு சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? எரிஞ்ச வாசம் வாசல் வரைக்கும் வருது. ஓடிப் போயி மெயின ஆப் பண்ணுனேன். கேபினட்டுக்குள்ள பொகை. பவர் சப்ளை போயிருச்சு. போறப்ப சும்மா போகாம, புதுசா வாங்குன அந்தக் கார்டையும் இழுத்துட்டுப் போயிருச்சு.

சாரு காதுல மாட்டியிருந்தத கழட்டி மேசை மேல வெச்சா. அவ இல்லாம அங்க நாலு பேரு அஞ்சு பேரோட மோதித் தோத்துப் போனாங்களாம், அது பின்னாடிதான் தெரிஞ்சுது. அழுவான்னு பாத்தேன். அழுகல.

நான் என்ன சொன்னேன்? ஞாயத்தச் சொன்னேன். "நான் வாங்கிக் குடுத்தபடியே விட்டிருந்தா இது வெடிச்சிருக்குமா? நீ அந்தக் கார்டப் போட்டதுனாலதானே வெடிச்சுது?"ன்னேன். சொல்லுங்க தம்பி, கார்டு போடற வரைக்கும் வெடிக்கலையே! உங்க படிப்பு என்ன சொல்லுது?

ஏன் வெளிய பாக்கறீங்க? சரி, விடுங்க.

அப்பத்தான் அவ பேசுனா. அத்தன வருசத்துல மொத தடவையாப் பேசுனா. "அப்பா, என்ற காசு. என்ற கம்ப்யூட்டரு. அன்னைக்குக் கடையில ஒருத்தராவது என்ற மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்களா? அவந்தான் பேசல. நீங்க பேசுனீங்களா?"

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சுங்க. வாசல்ல பக்கத்து வூட்டுக்காரங்க வேற நிக்கறாங்க. "எடுத்துட்டு வெளிய போ"ன்னேன். பொட்டியச் சொன்னேன் தம்பி! பொகையுற பொட்டிய எடுத்துட்டு வெளிய போன்னேன்! அவ, அவளைச் சொன்னதா எடுத்துக்கிட்டா. அடுத்த மாசம் கோயமுத்தூர்ல வேலை தேடிக்கிட்டு, நஸ்ரினோட வூட்டு மாடியில வாடகைக்குப் போயிட்டா. ரண்டு பையி துணி. பொட்டிய விட்டுட்டுப் போயிட்டா. நான் எதை எடுத்துட்டுப் போகச் சொன்னனோ அது என்ற வூட்டுல கெடக்குது.

எனக்குக் கை சும்மா இருக்குமா? அந்தப் பவர் சப்ளையக் கழட்டிக் கடைக்குக் கொண்டு போனேன். ஆணியக் கழட்டி மூடியத் தொறந்தேன். தம்பி, உள்ள ஒரு இரும்புத் துண்டு. கட்டி இரும்பு. ஒரு கம்பியோடயும் சேராம, ஓரத்துல பசை வெச்சு ஒட்டியிருக்குது. கனம் காட்டறதுக்காக! என்னையாட்டம் கையில தூக்கிப் பாக்கறவனுக்காகவே வெச்சிருக்கான். செம்பு? தலமுடியாட்டம் மெல்லிசா ரண்டு கம்பி. இரும்ப வெளிய எடுத்துட்டுத் தூக்குனா, காலி டப்பா.

அன்னைக்குக் கடைய மத்தியானமே சாத்திட்டேன்.

மறுநாள் நேரா காந்திபுரம். அந்தக் கண்ணாடி மேசை மேல இரும்பத் தூக்கிப் போட்டேன். "இது எத்தனை வாட்ஸ்டா?"ன்னேன். கூட்டம் கூடிருச்சு. அவன் பதறவே இல்லீங்க. அன்னைக்கு நாற்காலி போட்டானே, அதே சிரிப்பு. "சார், உங்க பொண்ணு அன்னைக்கே இது வேண்டாம்னு சொன்னாங்க. நீங்கதான் தூக்கிப் பாத்துட்டு இதையே போடுங்கன்னீங்க"ங்கறான். எவ்வளவு திமிரு பாருங்க! வித்தது அவன், குத்தம் என்றதா? சட்டையப் புடிச்சுட்டேன். நாலு பேரு விலக்கி விட்டாங்க. கேஸ் போடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். போடுவேன். விட மாட்டேன்.

இரும்பு விசயத்த சாருகிட்டச் சொன்னீங்களான்னு கேக்கறீங்களா? எதுக்குச் சொல்லோணும்? அவ போன் பண்ணுனாளா எனக்கு? அம்மாவுக்குப் பண்றா. வாரத்துக்கு நாலு தடவை பண்றா. அப்பா எப்பிடி இருக்காருன்னு கேக்கறாளாம். என்னையப் பத்திக் கேக்கறத என்கிட்டயே கேட்டா என்ன?

இப்பப் புதுசா ஒண்ணு கோத்துட்டாளாம். அவளே பாத்து, அவளே வாங்கி, அவளே ஸ்குரூ முடுக்கி. கறுப்புப் பொட்டியாம். கலாமணி போயிப் பாத்துட்டு வந்தா, என்னையக் கூப்பிடல. "சுவிட்சப் போட்டதும் காத்தாடி சத்தமே வரலீங்க, அம்புட்டு நைசா ஓடுது. உங்க பொண்ணு கை உங்க கையாட்டம், ஒயரெல்லாம் என்ன சுத்தமாக் கட்டியிருக்கறா"ன்னு சொல்லிட்டே இருக்கறா. சொல்லிச் சொல்லி என்னையச் சாகடிக்கறா.

அதான் கெளம்பிட்டேன். கால்ல இடிக்குதுங்களா? மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் நகத்தி வெச்சுக்கறேன். ஸ்டெபிலைசருங்க. கடையில வாங்குனதில்ல, நானே சுத்துனது. முழுக்க செம்பு. கரண்டு ஏறுனாலும் எறங்குனாலும் அவ மிசினு அசையாது. தூக்கிப் பாருங்க. சும்மா தூக்கிப் பாருங்க. இதுல இரும்பு இல்ல. அதாவது, இருக்கோணுங்கற எடத்துல இருக்குது.

என்னது? நல்ல பவர் சப்ளை போட்டா ஸ்டெபிலைசர் தேவையில்லையா? அதுவே பாத்துக்குமா? யாருங்க சொன்னது? நீங்க படிச்சவராவே இருங்க, அதுக்காக... கரண்டப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா? என்ற பொண்ணுக்கு என்ன தேவைன்னு எனக்குத் தெரியாதா?

இருங்க, போனு. யாரு... சாருங்க. அவதான். என்ற போனுக்கு! இருங்க, இருங்க.

"சொல்லு. ஆங், வண்டியிலதான் இருக்கேன். கெணத்துக்கடவு தாண்டிட்டேன். அம்மா சொல்லீட்டாளா? அவ வாயில எதுதான் நிக்கும். ஆமா, ஸ்டெபிலைசர்தான். என்ன? வேண்டாமா? ஏன் வேண்டாம்? நான் ஒரு வாரம் உக்காந்து... சாரு, நான் சொல்றதக் கேளு... சரி, நீ சொல்லு. சொல்லு, கேக்கறேன்."

"பிரிட்ஜுக்குக் குடுத்துரலாமா? யாரு வூட்டு பிரிட்ஜு? நஸ்ரின் வூட்டுதா? கரண்டு கம்மியா வருதா? மோட்டார் இழுக்காம உர்ருங்குதா? ஆமா, அது அப்பிடித்தான் பண்ணும், அப்பிடியே விட்டா எரிஞ்சுரும். அவங்கம்மா தெனமும் கறி கெட்டுப் போகுதுன்னு பொலம்பறாங்களா? பாவம். குடுக்கலாம் சாமி, ஏன் குடுக்கக் கூடாது. ஆனா இது உன்ற மிசினுக்குன்னு கணக்குப் போட்டுச் சுத்துனது. பிரிட்ஜுக்குப் பத்துமான்னு பாக்கோணும். எத்தனை லிட்டரு? பொழுது சாஞ்சதும் கரண்டு எவ்வளவுக்கு எறங்குது? தெரியாதா? அப்ப அவங்கம்மாகிட்டக் கேளு. எந்த நேரத்துல உர்ருங்குது, வேற என்னென்ன ஓடறப்பன்னு, எல்லாங் கேளு. உபயோகிக்கறவங்களைக் கேக்காம நாமளா ஒண்ணைக் கொண்டு போயி மாட்டுனா எப்பிடி? அப்புறம் அது வெடிக்காம என்ன பண்ணும்?"

"சாரு? சாரு, லைன்ல இருக்கறயா? என்ன சத்தத்தையே காணோம்? அழுகறயா என்ன? சிரிக்கறயா? எதுக்குடா சாமி சிரிக்கறே? சரி, சரி. உக்கடத்துல எறங்கி அங்கயே நிக்கறேன். வண்டி எடுத்துட்டு வா. கனமா இருக்குது, பாத்து வா."

வெச்சுட்டா. கூப்பிட வர்றாளாம். என்னமோ சிரிச்சா தம்பி, அடக்கவே முடியாம சிரிச்சா. அப்பிடி நான் என்ன சொல்லிப் போட்டேன்? ஒரு பிரிட்ஜப் பத்திக் கேட்டேன், அவ்வளவுதானே?

அட, நீங்க எதுக்குங்க சிரிக்கறீங்க?